சார்பு வேகக் கணக்கில் எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது?

"சூத்திரம் பாடம். ஆனால் கூட்டுவதா கழிப்பதா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்பவராகத்தான் இருப்பீர்கள். "ஒரே திசை என்றால் கழி, எதிர்த்திசை என்றால் கூட்டு" என்று ரியூசன் சேர் பலகையில் எழுதிப் பெட்டியும் கட்டியிருப்பார். ஒரே பாதையில் ஓடும் இரண்டு ரெயிலுக்கு அது போதும். ஒரு கப்பல் வடக்கே, மற்றது மேற்கே என்று வந்தால் அந்தப் பெட்டியால் பிரயோசனம் இல்லை.

நான் ஆசிரியர் இல்லை. சரக்குக் கப்பலில் டெக் ஒஃபிசர், விடுமுறையில் திருகோணமலையில் நிற்கிறேன். காவல் நேரத்தில் நான் பார்க்கும் வேலையே இந்தக் கணக்குத்தான் என்பதால் எழுதுகிறேன்.

சார்பு வேகம் என்றால் ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது எப்படி நகர்கிறது என்பது. யாருடைய வேகம், யார் சார்பாக என்ற இரண்டையும் எழுதாமல் பேனையை நகர்த்தாதீர்கள். எங்கள் கப்பல் சார்பாக மற்றக் கப்பலின் வேகம் வேண்டுமா? பூமி சார்பாக மற்றக் கப்பலின் வேகத்தையும், எங்கள் கப்பல் சார்பாகப் பூமியின் வேகத்தையும் கூட்டுங்கள். எப்போதும் கூட்டல்தான். இரண்டாவது காவி (vector, அளவும் திசையும் சேர்ந்தது), எங்கள் வேகத்தைத் திசை திருப்பிப் போட்டது. நீங்கள் தேடும் கழித்தல் அதற்குள்ளேயே முடிந்துவிட்டது.

எங்கள் கப்பல் வடக்கே 12 நொட் (மணித்தியாலத்துக்கு 12 கடல் மைல்). மற்றது மேற்கே 9 நொட். எங்களைத் திருப்பினால் தெற்கே 12. மேற்கே 9, தெற்கே 12 இரண்டையும் கூட்டினால் 15 நொட், தெற்கிலிருந்து மேற்காக ஏறக்குறைய 37 பாகை. இனி எங்கள் கப்பலை ஆணியடித்து நிறுத்திவிடலாம். மற்றது மட்டும் இந்த 15 நொட்டில் நேர்கோட்டில் வருகிறது. முதலில் அது எங்களுக்கு நேர் வடக்கே 10 கடல் மைலில் நின்றிருந்தால், 32 நிமிடத்தில் 6 மைல் தள்ளிக் கடந்துபோகும். எங்களிலிருந்து வடக்கே 8, கிழக்கே 6 மைலில் நின்றிருந்தால், அந்த 15 நொட் நேராக எங்கள் மேல்தான். 40 நிமிடத்தில் மோதல்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மோதும் கணக்கில் அந்த 40 நிமிடமும் மற்றக் கப்பலின் திசைகோள் (எங்களிலிருந்து அது தெரியும் திசை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தது) 037 பாகையிலேயே நிற்கும், தூரம் மட்டும் குறையும். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் 7ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: நெருங்கிவரும் கப்பலின் திசைகோள் குறிப்பிடத்தக்க அளவு மாறாவிட்டால் மோதும் ஆபத்து உண்டென்று எடுத்துக்கொள்ள வேண்டும். (மாறினாலும் சிலவேளை ஆபத்து உண்டு, கிட்ட வந்துவிட்டாலோ பெரிய கப்பலாக இருந்தாலோ. அந்த விதியிலேயே அதுவும் இருக்கிறது, யாரும் திருத்த வர வேண்டாம்.)

அக்காவின் மகளுக்கும் உங்கள் பிரச்சினைதான். கொப்பியில் இந்தக் காவிகளை வைத்து எத்தனை முக்கோணம் கீறியும் ஏறவில்லை. நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்கு போட்டில் போனபோது வலப்பக்கத்தால் இன்னொரு போட் குறுக்கே வந்தது. எங்கள் போட்டின் விளிம்புக் கம்பியைக் காட்டி, அதோடு ஒட்டி அந்தப் போட்டைப் பார் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, அது கம்பியை விட்டு அசையுதே இல்லை, பெருசாகுது மட்டும்" என்றாள்.

"அப்ப அதின்ர வேகம் எங்கள் சார்பா எந்தப் பக்கம்?"

"எங்கட பக்கம்தான்... ஐயோ மாமா, இடிக்கப்போகுது!"

ஓட்டி அதற்குள் வேகத்தைக் குறைத்து அதற்குப் பின்னால் திருப்பிவிட்டார். கம்பியை விட்டு மற்றப் போட் விலகத் தொடங்கியதையும் அவளே பார்த்தாள். கரைக்கு வந்து மணலில் அவள் கீறிய முக்கோணம் முதல் தடவையே சரி. எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைக்கவில்லை.

"ராடார் இருக்கும்போது முக்கோணம் எதற்கு?" என்று கேட்க ஒருவர் வருவார். ராடாரும் இதையேதான் செய்கிறது. திரையில் சார்புக் காவியா (எங்களை நிறுத்திவைத்துப் பார்ப்பது) உண்மைக் காவியா (மற்றக் கப்பல் உண்மையில் போவது) என்று நாம்தான் தெரிவு செய்கிறோம். எதைப் பார்க்கிறோம் என்று விளங்காதவனுக்கு இரண்டும் வெறும் கோடு. கையால் கீறும்போது 6 நிமிட இடைவெளி எடுப்போம். மணித்தியாலத்தில் பத்தில் ஒன்று என்பதால் 12 நொட் 1.2 மைலாகிவிடும்.

சம்பந்தமில்லாத ஒன்று. என் முன்னைய பதிலொன்றின் கீழ் ஒருவர் "பின்தங்கிய மாவட்டக் கோட்டாக்காரர்கள் பௌதிகவியல் சொல்லித்தருகிறார்கள்" என்று எழுதினார். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம்தான் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எனக்கு எதிலும் இடம் கிடைக்கவில்லை, கப்பலுக்குப் போனேன். வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்று. ஆய்வுகூடமும் ஆசிரியரும் அப்படியா? அந்த ஐயா கொழும்பிலிருந்துகொண்டு அப்படி எழுதியதுதான் எரிச்சல்.

படகில் ஆற்றைக் கடக்கும் கணக்கையும் கேட்டிருந்தீர்கள். குறைந்த நேரம் என்றால் படகின் முகம் கரைக்குச் செங்குத்து, அடித்துக்கொண்டு போவது போகட்டும். நேர் எதிர்க்கரை என்றால் நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்க்க வேண்டும். செங்குத்திலிருந்து சாயும் கோணத்தின் சைன், நீரோட்டத்தின் கதியை நீர் சார்பாகப் படகின் கதியால் வகுத்தது. அது 1.25 என்று வந்தால் மடக்கை அட்டவணையைப் புரட்டாதீர்கள். சைன் 1ஐத் தாண்டாது. ஆறு படகைவிட வேகம். எப்படித் திருப்பினாலும் நேர் எதிரே போய்ச் சேர முடியாது. அதை எழுதினால் அதுதான் விடை.