வண்டி எங்கே நின்றது, எதனால் நின்றது? ஆஃப்ரோடு மாற்றங்கள் பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "என் வண்டிக்கு என்ன மாட்டலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். கடைசியாக எங்கே நின்றது, எதனால் நின்றது? என் வண்டியின் டேஷ்போர்டில் மண்ணும் கிரீஸும் அப்பிய ஒரு குட்டி நோட்டு கிடக்கிறது. வண்டி நின்ற ஒவ்வொரு இடத்துக்கும் அதில் ஒரு வரி உண்டு: வயிறு தட்டியது, சக்கரம் சும்மா சுற்றியது, பின் பம்பர் இடித்தது, எனக்குப் பயம் வந்தது. ஆறு மாதம் இப்படி எழுதிப் பாருங்கள். நீங்கள் கேட்க நினைத்த கேள்வியே மாறிப்போயிருக்கும்.

கேள்வி: அண்ணா, ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கி மூணு மாசம்தான் ஆகுது. வண்டியைத் தூக்குற லிஃப்ட் கிட், பெரிய டயர், மாட்டிக்கிட்டா இழுக்குற வின்ச்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முதல்ல எதை வாங்கட்டும்?

டயர் காற்றை அளக்கும் கேஜ் ஒன்று, திரும்பக் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர். இப்போதைக்கு இவை போதும் தம்பி.

சிரிக்காதீர்கள். தார் ரோட்டுக்கு அடித்த 35 பிஎஸ்ஐ காற்றோடு மணலில் இறங்கினால் எவ்வளவு பெரிய வண்டியும் புதையும். அதே டயரை 18-க்கு இறக்கினால் தரையில் பதியும் பரப்பு கூடுகிறது. அகலத்தில் கூடுவது கொஞ்சம்தான். நீளவாக்கில்தான் அதிகம் கூடும், கிட்டத்தட்ட டாங்கியின் பட்டை மாதிரி. ஒரு மணல் சரிவில் நான் நாலு முறை முட்டி மோதி, ஒவ்வொரு முறையும் முந்தினதைவிட ஆழமாகப் பள்ளம் பறித்துக்கொண்டு நின்றேன். இறங்கி நாலு வால்வையும் திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று போகப் போக டயரின் பக்கவாட்டுச் சுவர் தொப்பை போடுவது கண்ணுக்கே தெரிந்தது. ஐந்தாம் முறை என்ஜின் முனகக்கூட இல்லை, ஏறிவிட்டது. அன்றைக்கு வண்டியில் மாறியது காற்று மட்டும்தான்.

கல் பாதைக்கு 20 முதல் 25 வரை வையுங்கள். காற்றை இறக்கிய டயரில் மணிக்கு 30, 40 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள், திருப்பத்தில் வெட்டி ஓட்டாதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு ஏறும் முன் மறுபடி காற்றடிக்க வேண்டும். கம்ப்ரசர் அதற்குத்தான்.

கேள்வி: சார், ஒரு மண் மேட்டைத் தாண்டும்போது வண்டியின் நடு வயிறு தட்டி, தராசு மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. 2 இன்ச் லிஃப்ட் போட்டால் தீருமா?

தீரலாம். ஆனால் கணக்கு பார்த்துவிட்டுப் போடுங்கள். உங்களுக்கு இடித்தது கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) என்ற ஒற்றை எண் இல்லை, பிரேக்ஓவர் ஆங்கிள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு கூரான மேட்டை வயிறு தட்டாமல் தாண்டலாம் என்பது அது. வீல்பேஸ், அதாவது முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம், நீளமாக ஆக அது குறையும். சுஸுகி ஜிம்னியைப் பாருங்கள். மூன்று கதவு, ஐந்து கதவு இரண்டுக்கும் கிளியரன்ஸ் ஒரே 210 மி.மீ. தான். ஆனால் வீல்பேஸ் 2250 மி.மீ. உள்ள மூன்று கதவு வண்டிக்கு இந்தக் கோணம் 28 டிகிரி, 2590 மி.மீ. உள்ள ஐந்து கதவுக்கு 24.

2 இன்ச் லிஃப்ட் போட்டால் இந்தக் கோணத்தில் கூடுவது நாலு, ஐந்து டிகிரி. நீங்கள் நின்ற மேட்டுக்கு அது போதுமா என்று போய்ப் பார்த்து முடிவெடுங்கள். இன்னொன்றும் உண்டு. இரண்டு சக்கரமும் ஒரே கட்டையில் நிற்கும் ரிஜிட் ஆக்ஸில் வண்டியில் லிஃப்ட் கிட் பாடியையும் சேஸியையும் தூக்குமே தவிர, கீழே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையை (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) தூக்காது. அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளி பெரிய டயர் போட்டால்தான் கூடும், அதுவும் விட்டம் கூடியதில் பாதி அளவுதான். உங்கள் நோட்டில் "டிஃபரன்ஷியல் கல்லில் உரசியது" என்று இருந்தால் லிஃப்ட் காசு வீண்.

எப்போதாவது ஒருமுறை தட்டுகிறது என்றால் அடியில் தடிமனான ஸ்கிட் பிளேட் (அடித்தகடு) ஒன்றைப் போட்டு, தட்டட்டும் என்று விடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

கேள்வி: அதே லிஃப்டைப் போட்டு ஒரு மாதம் ஆகிறது. இப்போது நேர் ரோட்டில் ஸ்டியரிங் நிலைக்கு நிற்காமல் அலைகிறது. கை எடுத்தால் வண்டி எங்கோ போகிறது. ஏன்?

நானும் பட்டவன்தான். போட்டுக் கொடுத்த பட்டறையில் "ஓடினால் செட் ஆயிடும்" என்றார்கள். எத்தனை ஓடினாலும் செட் ஆகாது. வண்டியைத் தூக்கும்போது முன் ஆக்ஸில் லேசாகச் சுழன்று காஸ்டர் கோணம் குறைகிறது. ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவதே அந்தக் கோணம்தான். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் ராட் இருக்கும் வண்டியில் ஆக்ஸிலே ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். காஸ்டரைத் திருத்தும் புஷ் அல்லது ஆர்ம், நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்ட் ராட், நீளமான பிரேக் ஹோஸ், கடைசியில் வீல் அலைன்மென்ட். 'கிட்' என்ற பெயரில் வெறும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும் வந்திருந்தால் இவ்வளவும் பாக்கி. லிஃப்டின் விலை கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: 31 இன்ச் டயரை எடுத்துவிட்டு 35 போட்டேன். பார்க்க அட்டகாசம். ஆனால் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது.

35-ஐ 31-ஆல் வகுத்துப் பாருங்கள், 13 சதவீதம் கூடியிருக்கும். அதாவது உங்கள் எல்லா கியரும் 13 சதவீதம் 'உயர்ந்து' போய்விட்டன, இழுவை குறைந்துவிட்டது. லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் கூடுதல் கியர்) ஊர்ந்து போகும் வேகமும் அதே அளவு கூடிவிட்டது. கல் மேல் மெதுவாக ஏறத்தானே இவ்வளவும் செய்தீர்கள்? ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 113-ல் போய்க்கொண்டிருப்பீர்கள், அதையும் மனதில் வையுங்கள். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்கிறது.

பழைய இழுவை வேண்டுமென்றால் டிஃபரன்ஷியல் கியர் மாற்ற வேண்டும். இப்போது அதன் விகிதம் 4.10 என்றால் 4.56 அல்லது 4.88. முன், பின் இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்றுவது கட்டாயம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எதையாவது உடைக்கும். செலவு பெரிது. 33-க்கு இறங்கினால் வித்தியாசம் ஆறரை சதவீதம்தான், என்ஜின் தாங்கிக்கொள்ளும். 35-ஐ விற்றுவிடுங்கள் என்பேன். மனசு கேட்காது, தெரியும்.

கேள்வி: என்ஜின் காற்று உறிஞ்சும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்நார்க்கல் வைத்தால் எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கலாம்?

முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். தயாரித்தவர்கள் ஒரு ஆழம் சொல்லியிருப்பார்கள். இப்போதைய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு அது அதிகபட்சம் 900 மி.மீ. என்ஜின் தண்ணீரை உறிஞ்சி கனெக்டிங் ராட் வளையாமல் ஸ்நார்க்கல் காக்கும். ஆல்டர்னேட்டரையோ, ஃப்யூஸ் பாக்ஸையோ, கதவு ரப்பரையோ அது காக்காது. தூசிப் பாதையில் முன்னால் வண்டி போகும்போது சுத்தமான காற்று கிடைக்கும், அது நிஜமான பயன்.

தண்ணீரில் அடிக்கடி இறங்குபவர்கள் முதலில் டிஃபரன்ஷியலின் பிரீதர் குழாய்களை (உள்ளே காற்று போய்வரும் வழி) மேலே நீட்டுங்கள். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அடுத்த வாரம் ஆயிலைத் திறந்தால் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். இதற்கு ஒரு துண்டு ஹோஸும் கிளிப்பும் போதும்.

கேள்வி: ஐயா, எங்களுடையது ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி. லோ ரேஞ்ச் கிடையாது. குடும்பத்தோடு காட்டுப் பாதைகளுக்குப் போக ஆசை. இதையே மேம்படுத்தலாமா, விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

நல்ல கேள்வி அம்மா. மற்ற கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

வண்டியின் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டயர், ஷாக், அடித்தகடு, பிரீதர் இதெல்லாம் மாற்றுவதற்கென்றே இருப்பவை. லோ ரேஞ்ச் இல்லாமை, வீல்பேஸ் நீளம், தனிச் சேஸி இல்லாத மோனோகாக் பாடி, சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் குறைவாக இருப்பது இவை வண்டி பிறக்கும்போதே வந்தவை. முதல் வகைக் குறை என்றால் செலவு செய்யலாம். இரண்டாம் வகை என்றால் அதோடு வாழப் பழகுங்கள், அல்லது வண்டியை மாற்றுங்கள். இரண்டாம் வகைக் குறையை முதல் வகைச் சாமான் வாங்கித் தீர்க்கப் பார்ப்பவர்கள்தான் ஒரு புது வண்டியின் காசைக் கரைக்கிறார்கள்.

உங்கள் வண்டியில் பின் சக்கரத்துக்கு விசை அனுப்புவது அநேகமாக ஒரு கிளட்ச் பொட்டலம். மணலிலோ செங்குத்து ஏற்றத்திலோ தொடர்ந்து திணறினால் அது சூடாகி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, பின் சக்கரங்களைக் கைவிட்டுவிடும். பெரிய டயர் போட்டால் அந்தச் சூடு இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே வண்டியின் அசல் அளவிலேயே, பக்கச் சுவர் உறுதியான ஆல் டெர்ரெய்ன் டயர், முழு அளவு ஸ்டெப்னி, அடித்தகடு, ஒரு மண்வாரி. மண் பாதை, சரளை, ஆழமில்லாத ஓடை எல்லாம் இதில் தாராளமாகப் போகலாம். பெரிய கற்கள் அடுக்கடுக்காக வரும் இடத்தில் திரும்பிவிடுங்கள்.

ஒரு வருடம் ஓட்டியபின் நோட்டைப் பாருங்கள். பத்துப் பயணத்தில் ஒன்றில் திரும்பினீர்கள் என்றால் வண்டி சரிதான். ஆறில், ஏழில் திரும்பினீர்கள் என்றால் விற்றுவிடுங்கள்.

கேள்வி: குறுக்குப் பள்ளத்தில் ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் அந்தரத்தில் சுற்றுகின்றன. மற்ற இரண்டும் சும்மா நிற்கின்றன. இது ஃபோர் வீல் டிரைவா என்றே சந்தேகம் வருகிறது.

ஃபோர் வீல்தான். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமான முறுக்குவிசைதான் தரும். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய விசையே தேவையில்லை, அதனால் தரையில் இருப்பதற்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. செலவில்லாத ஒரு வழி: ஆக்ஸிலேட்டரை நிதானமாக வைத்துக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்துங்கள். சுற்றும் சக்கரத்துக்குத் தடை வரும், மறுபக்கம் கொஞ்சம் விசை போகும். புது வண்டிகளில் டிராக்ஷன் கன்ட்ரோல் செய்வதும் இதைத்தான். சில வண்டிகளில் பிரேக் மிதித்தால் ஆக்ஸிலேட்டர் துண்டிக்கப்படும், அங்கே இது பலிக்காது.

அடிக்கடி இப்படித்தான் நிற்கிறது என்றால் பின் ஆக்ஸிலுக்கு ஒரு லாக்கர், அதாவது இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி டிஃபரன்ஷியலைப் பூட்டும் சாமான். எடை பெரிதாகக் கூடாது, உயரம் மாறாது, ஸ்டியரிங் கெடாது. முன் லாக்கரை அவசரப்பட்டு வாங்காதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திரும்பும் சக்கரத்துக்கு விசை கடத்தும் சிவி ஜாயின்ட் 'டங்' என்று ஒரு சத்தத்தோடு போய்விடும்.

கேள்வி: இரும்பு பம்பர், ரூஃப் ரேக், கூரைக் கூடாரம், தண்ணீர் டேங்க் எல்லாம் போட்டாயிற்று. இப்போது பின்பக்கம் தொங்குகிறது. கனமான ஸ்பிரிங் போட்டால் சரிதானே?

முதலில் எடைமேடைக்குப் போங்கள். ஆட்கள், சாமான், முழு டேங்க் எரிபொருளோடு.

பேலோடு, அதாவது வண்டியில் ஏற்றலாம் என்று தயாரித்தவர்கள் சொன்ன எடை, 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் 300. பம்பர் 60, வின்ச் 30, ரேக்கும் கூடாரமும் சேர்ந்து 90, தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ. 540 ஆகிவிட்டது. இன்னும் ஒரு பை, ஒரு பாத்திரம், ஒரு ஸ்பேனர் ஏற்றவில்லை. ஸ்பிரிங் போட்டால் வண்டி நேராக நிற்கும், பார்வைக்குக் குறை தெரியாது. ஆனால் பிரேக், வீல் பேரிங், ஆக்ஸில், சேஸி எல்லாம் பழைய எடைக்குச் செய்தவைதானே? பின்னால் அளவுக்கு மீறி ஏற்றிய பிக்கப்புகளில் கேபினுக்குப் பின்னே சேஸியே வளைந்திருப்பதைப் பார்க்கலாம். கூரை எடையோ சரிவில் வண்டியைக் கவிழ்க்கும் பக்கம் வேலை செய்கிறது. புதிதாக எதையும் வாங்காதீர்கள். கழற்றுங்கள், கூடாரத்திலிருந்து ஆரம்பித்து. தரையில் விரித்துப் படுத்தால் தூக்கம் வராதா என்ன?

கேள்வி: வின்ச் அவசியமா?

தனியாகப் போவீர்களானால் ஆம். வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு திறன் வேண்டும். அந்தத் திறன் கயிறு சுற்றும் டிரம்மின் முதல் அடுக்குக்கு மட்டும்தான், மேலே கயிறு சுற்றச் சுற்றக் குறையும். கூட இன்னொரு வண்டி வருமானால் நீளும் கைனெட்டிக் கயிறும் அதை வண்டியில் மாட்ட நல்ல ஷேக்கிளும் போதும். எதுவானாலும் டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போட்டு இழுக்காதீர்கள். அது முறிந்தால் குண்டு மாதிரி பறக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

கேள்வி: இருபது வருஷத்துப் பழைய வண்டி சார். முன்பு ஏறிய இடத்தில் இப்போது ஏறவில்லை. இதற்கு மேல் இதில் செலவு செய்யலாமா?

முன்பு ஏறியது என்கிறீர்களே, அப்படியானால் அது வண்டியின் எல்லை இல்லை, தேய்மானம். புஷ்கள், ஷாக், கிளட்ச், ரேடியேட்டர், டயரின் வயசு இவற்றைப் பாருங்கள். பழையதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவுக்கு நான் எப்போதும் கை தூக்குவேன்.

கேள்வி: எல்லாருக்கும் சொல்றீங்க, உங்க வண்டியில என்னதான் மாட்டியிருக்கீங்க?

ஒரு சைஸ் மட்டும் பெரிய ஆல் டெர்ரெய்ன் டயர், பின் லாக்கர், ஸ்கிட் பிளேட், நீட்டிய பிரீதர், கம்ப்ரசர், மண்வாரி. லிஃப்டை இரண்டாம் வருடமே கழற்றிவிட்டேன். என் நோட்டில் ஒரே கல் ஏற்றம் நாலு முறை பதிவாகியிருக்கிறது. நாலிலும் அதே காரணம்: இடுப்பளவுக் கல், இடுக்கான திருப்பம், என் வீல்பேஸ். இப்போதெல்லாம் அதன் அடியில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை கொடுத்துவிட்டு, மீதி இருபது நிமிடம் நடந்து ஏறுகிறேன்.