‘பாஸ்டு அவுட்’ என்று எழுதலாமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

தாங்கள் அனுப்பிய பயோடேட்டாவைப் படித்தேன். அதில் தங்கள் மகள் ‘ஐ பாஸ்டு அவுட் ஃப்ரம் காலேஜ் இன் 2024’ என்று எழுதியிருப்பதைப் பார்த்த உறவினர் ஒருவர், இந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டா இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று கேட்டுவிட்டதாகவும், அன்றிலிருந்து அந்தப் பெண் விண்ணப்பத்தைத் தொடவே இல்லை என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த வரியை மாற்றத்தான் வேண்டும். ஆனால், அது ஆங்கிலம் தெரியாததால் வந்த பிழை அன்று என்பதை முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

‘பாஸ் அவுட்’ என்றால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அன்றாடப் பேச்சில் மயங்கி விழுவது என்றே பொருள். சுதந்திர தினக் கொடியேற்றத்தின்போது வெறும் வயிற்றோடு வெயிலில் நின்ற பிள்ளை கண் இருட்டிச் சரிந்தால், அதைச் சொல்ல அங்குள்ளவர்கள் எடுக்கும் சொல் இதுதான். ‘பாஸ்’ என்றால் தேர்ச்சி, ‘அவுட்’ என்றால் வெளியே, ஆகவே தேர்ச்சி பெற்று வெளியே வருவது என்று நாம் கூட்டிப் பொருள் கொள்வது இயல்புதான். ஆனால் ஃப்ரேசல் வெர்ப் எனப்படும் இவ்வகைத் தொடர்களுக்கு அந்தக் கணக்கு எப்போதும் ஒத்துவராது. தமிழிலும் இப்படி உண்டு. ‘கைவிட்டான்’ என்பதைக் கை என்றும் விட்டான் என்றும் பிரித்து அகராதியில் தேடுகிற வெளிநாட்டவருக்கு, ஒருவரை ஆதரவின்றி விட்டுப்போன துயரம் அதில் இருப்பது எப்படிப் புலப்படும்?

பிரிட்டிஷ் ஆங்கிலத்திலேயே இதற்கு வேறொரு பொருளும் உண்டு என்பதை உங்கள் உறவினர் கவனிக்கவில்லை. படையிலோ காவல் துறையிலோ பயிற்சியை நிறைவுசெய்து வெளிவருவதையும் அவர்கள் ‘பாஸ் அவுட்’ என்றே சொல்கிறார்கள். சென்னை பரங்கிமலையில் 1963-இல் தொடங்கப்பட்ட அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திலும், டேராடூனில் 1932 முதல் இயங்கும் இந்திய ராணுவ அகாடமியிலும் பயிற்சி முடித்தவர்கள் மிடுக்காக நடந்து வருகிற நிறைவு அணிவகுப்புக்குப் பெயர் ‘பாசிங் அவுட் பரேடு’. அதற்கு வெகு அருகில்தான் நம் நாட்டுக் கல்லூரி வழக்கும் இருக்கிறது. இங்குள்ள நிறுவனங்களே வேலை விளம்பரங்களில் ‘2024 பாஸ்டு அவுட்’ என்று கேட்கும்போது, நம் பிள்ளைகள் அப்படி எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதுகிற தாளை யார் படிக்கப் போகிறார் என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்துக்குப் போகும் விண்ணப்பத்தில் ‘ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம்’ என்று தொடங்கி, கல்லூரியின் பெயரையும் ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். ‘ஃப்ரம்’ விடுபடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பைக் குறிக்கும் இடத்தில் ‘கம்ப்ளீட்டட்’ போதும்.

இங்கே ஒரு செய்தியைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் கடைசி செமஸ்டர் எழுதி முடித்தவரும், ஓர் அரியர் பாக்கி வைத்திருப்பவரும், புரொவிஷனல் சான்றிதழைக் கையில் வாங்கியவரும் ஒன்றுபோல ‘பாஸ்டு அவுட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ‘கிராஜுவேட்டட்’ அப்படிப்பட்ட சொல் அன்று. பட்டத்துக்குரிய எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றவர் மட்டுமே அதை எழுதலாம். தங்கள் மகள் அனைத்திலும் தேறியிருந்தால் தயக்கமின்றி எழுதட்டும். ஒரு தாள் நிலுவையில் இருந்தாலும் அதை மறைக்காமல், எந்தத் தாள், மறுதேர்வு எந்த மாதம் என்று தனி வரியில் குறிப்பிடட்டும். பின்னர் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும்போது சொல்லும் சான்றும் முரண்பட்டால், ஒரு சொற்பிழையால் வருவதைவிடப் பெரிய இழப்பு நேரும்.

திருத்திய பக்கத்தை மகளே தம் கையால் தட்டச்சு செய்து எனக்கு அனுப்பட்டும். நேர்காணலில் வாய்தவறிப் பழைய சொல்லே வந்துவிட்டால் பதற்றப்படாமல், அடுத்த வாக்கியத்திலேயே ‘கிராஜுவேட்டட்’ என்று திருத்திச் சொல்லிவிட்டுத் தொடரலாம்.