தனிமையைப் பார்த்துச் சிரிக்கலாமா?

கேள்வி: எங்கள் பகுதி இளைஞர்கள் கைத்தொலைபேசியிலேயே எடுத்த சிறுசெலவு நகைச்சுவைப் படமொன்றைப் பார்த்தேன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்பவன், தொலைபேசியில் மட்டுமே அறிமுகமான பெண்ணிடம் பேசத் தெரியாமல் தடுமாறுவதுதான் கதை. நியாயமான சம்பளமும் காணியும் கிடைக்காத நம் மலையகத் தோட்டச் சமூகத்துக்குத் தனிமையைக் கேலி செய்யும் படம் தேவைதானா?
- வாசகர் ஒருவர், கொட்டகலை

பதில்: நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன், அது கேலி செய்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகை பிறக்கும் இடங்கள் நான்கைத் தொல்காப்பியம் சொல்கிறது. நீங்கள் அஞ்சுவது எள்ளலை. குரற்செய்தியை ஏழு முறை பதிந்து, ஏழு முறையும் அழித்துவிட்டு, கடைசியில் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் எழுதியனுப்பும் அந்தப் பையனிடம் இருப்பது பேதைமை. வாசிகசாலை மண்டபத்தில் சிரித்தவர்களில் பலர் அவனிடம் தம்மையே கண்டார்கள்.

சம்பளத்தையும் தனிமையையும் நீங்கள் எப்படிப் பிரித்தீர்கள்? தோட்டத்துச் சம்பளம் போதாமல்தானே பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், தாய்மார் வீட்டு வேலைக்காக மத்திய கிழக்குக்கும் போகிறார்கள்? இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்ட பின், அண்ணன் கப்பலேறத் தம்பி இங்கே தங்கிய வீடுகள் கடிதத்துக்காகக் காத்துக் கிடந்தன. அந்தக் காத்திருப்பின் தொடர்ச்சியைத்தான் இந்தப் படத்தின் தொலைபேசித் திரையில் நான் பார்த்தேன்.

அவன் தீபாவளிக்கு ஊருக்கு வரும் பகுதி என்னை மிகவும் பாதித்தது. பக்கத்துக் காம்பராவில் இருமினாலும் கேட்கும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், அவளோடு பேச இடமில்லாமல், சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறி, காற்றிரைச்சலை மீறி அவன் கத்திப் பேச, கீழே கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூடத் தனித்திருக்க வழியில்லாதவன் இவ்வளவு தனியனாக இருப்பதை, சொந்த லயத்தையும் அயலவரையும் மட்டுமே வைத்து எடுத்துவிட்டார்கள். கையில் பணமிருந்தால் வேறிடம் தேடிப் போயிருப்பார்கள். அந்தக் காட்சியும் நமக்குக் கிடைத்திருக்காது.

படத்தில் குறை உண்டு, அதை நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பெண் கடைசிவரை வெறும் குரலாகவே இருக்கிறாள். வேலைமுறை முடிந்து, நாலைந்து பேர் தங்கும் வாடகை அறைக்குத் திரும்பி, போர்வைக்குள் மெதுவாகப் பேசுகிறவளுக்கும் ஒரு தனிமை இருக்கும். அடுத்த படத்தில் அவளுடைய அறைக்குள்ளும் கமெரா போக வேண்டுமென்று அந்த இளைஞர்களுக்கு எழுதியிருக்கிறேன்.
- ஆசிரியர்