கொள்ளைநோயில் உலகம் அழியும் கதையில் அமானுஷ்யம் நுழைந்தால் கெட்டுவிடாதா? எந்த நாவலில் தொடங்கலாம்?

பெரும்பாலும் கெட்டுவிடும். கிருமியைக் கொண்டே பயமுறுத்தத் தெரியாதவர்கள்தாம் நடுவில் பேயைக் கூட்டிவருவார்கள். எனக்குத் தெரிந்து விதிவிலக்கு ஒன்று உண்டு: ஸ்டீபன் கிங்கின் ‘தி ஸ்டாண்ட்’ (1978). அதுவும் கடைசியில் கொஞ்சம் கெட்டுத்தான் போகிறது. முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள், நான் கிழிந்த புத்தகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவில் அமெரிக்க ராணுவம் ரகசியமாக வளர்த்த ஃப்ளூ கிருமி கசிகிறது. கதவுகள் அடைபடுவதற்குள் காவலாளி ஒருவன் மனைவியையும் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு ஓடிவிடுகிறான். டெக்சாஸில் ஆர்னெட் என்ற சிற்றூரின் பெட்ரோல் பங்கில் வந்து மோதுகிறது அந்தக் கார். வண்டிக்குள் தாயும் குழந்தையும் பிணமாகக் கிடக்கிறார்கள். பங்கில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவனான ஸ்டூ ரெட்மனை மட்டும் நோய் தொடுவதில்லை.

அடுத்து வரும் ஓர் அத்தியாயத்துக்காகவே இந்த நாவலைப் படிக்கலாம். பங்க் உரிமையாளரின் உறவினரான போலீஸ்காரர், அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று எச்சரித்துவிட்டுப் போகிறார். வழியில் வேகமாகக் காரோட்டிய காப்பீட்டு முகவர் ஒருவரை நிறுத்தி அபராதச் சீட்டு எழுதுகிறார். சீட்டோடு நோயும் கைமாறுகிறது. முகவர் கலகலப்பான மனிதர், எல்லோரிடமும் நின்று பேசுவார். நாற்பது பேருக்கு மேல் கொடுத்துவிடுகிறார். இப்படியே உணவகம், குடும்பம், சுற்றுலா என்று கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவதைப் போல, குரலை உயர்த்தாமல் எழுதிக்கொண்டு போகிறார் கிங். ஆயிரத்தில் 994 பேர் சாகிறார்கள். கொரோனா காலத்தில் பலருக்கு இந்த நாவல்தான் நினைவுக்கு வந்தது. இது அதைப் போன்றதல்ல என்று 2020 மார்ச்சில் கிங்கே சொல்ல வேண்டியிருந்தது.

நோய் தொடாத இன்னொருவனான லாரி அண்டர்வுட், நியூயார்க்கிலிருந்து வெளியேற லிங்கன் சுரங்கப்பாதையில் நடக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். கும்மிருட்டு, நின்றுபோன கார்கள், அவற்றுக்குள் பிணங்கள், கையில் ஒரு லைட்டர். பேய் எதுவும் இல்லை. அந்தப் பக்கங்களைப் படித்த இரவில் நான் கழிவறைக்குப் போகவே விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

அப்படியானால் அமானுஷ்யம் எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். பிற்காலப் பதிப்பில் கதை நடக்கும் 1990 வாக்கில் அமெரிக்க மக்கள்தொகை ஏறத்தாழ 25 கோடி. தப்பியவர்கள் 15 லட்சம் பேர்தான். தொலைபேசியும் தபாலும் இல்லாமல், ஒரு கண்டத்தின் அளவுள்ள நாட்டில் சிதறிக் கிடக்கும் இவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கிங் கனவை அனுப்புகிறார். நெப்ராஸ்காவின் சோளக்காட்டு ஓரம், திண்ணையில் கிடார் வாசிக்கும் 108 வயது அபகெயில் பாட்டி சிலரைக் கூப்பிடுகிறாள். முகம் தெரியாத இருண்ட மனிதன் ராண்டல் ஃப்ளாக் வேறு சிலரை ஈர்க்கிறான். பாட்டியை நம்பியவர்கள் கொலராடோவின் போல்டரிலும், அவனைச் சேர்ந்தவர்கள் லாஸ் வேகாஸிலும் கூடுகிறார்கள். கதையைத் தொடர வேறு வழியில்லாத இடத்தில் அமானுஷ்யம் வேலைக்கு வருகிறது, அதனால்தான் உறுத்துவதில்லை.

இன்னொன்று, அது நோயைத் தொடுவதே இல்லை. கிருமியை உண்டாக்கியவன் ஃப்ளாக் அல்லன். பாட்டியும் யாரையும் அந்தக் காய்ச்சலிலிருந்து மீட்கவில்லை. நம் ஊரில் அம்மை போட்டால் வீட்டுக்கு மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகுவார்கள். நோயும் அவளே, மருந்தும் அவளே. இந்த நாவலில் நோய் முழுக்க மனிதன் செய்த வேலை. தெய்வமும் பிசாசும் பிணங்கள் விழுந்த பிறகே வருகின்றன. அந்த வேறுபாடு எனக்குப் புரியவே இரண்டாம் வாசிப்பு தேவைப்பட்டது.

போல்டர் பகுதி இழுவை என்பார்கள். எனக்குப் பிடிக்கும். கனவில் அழைப்பு வந்து கூடியவர்கள் குழு அமைக்கிறார்கள், பிணங்களைப் புதைக்க ஆள் ஒதுக்குகிறார்கள், மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவர மெனக்கெடுகிறார்கள், கூட்ட நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறார்கள்! ஐநூறு பக்கங்களுக்கு மேல் எழுதிய பிறகு கிங்கும் அங்கேதான் வழி தெரியாமல் வாரக்கணக்கில் முடங்கினார். கடைசியில் முக்கியப் பாத்திரங்கள் கூடும் வீட்டில் வெடிகுண்டு வைத்துக் கதையை நகர்த்தினார். முரட்டு வைத்தியம்தான், ஆனால் பலித்தது.

இனி அந்தக் கிழிந்த புத்தகம். என் முதல் பிரதியைத் திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கினேன். பழைய சுருக்கப் பதிப்பு. போல்டரிலிருந்து நான்கு பேர் ஆயுதமின்றி மேற்கே நடக்கிறார்கள். வழியில் ஸ்டூவின் கால் முறிகிறது. துணைக்கு நாய் மட்டும் இருக்க, அவனை அங்கேயே விட்டுவிட்டு மற்ற மூவரும் போகிறார்கள். அதற்குப் பிறகு தாள்கள் இல்லை. பல ஆண்டுகள் எனக்கு நாவலின் முடிவு அதுதான். இவ்வளவு துணிச்சலான முடிவா என்று நண்பர்களிடம் புகழ்ந்துகூடப் பேசியிருக்கிறேன்.

உண்மையான முடிவில், ஒருவன் லாஸ் வேகாஸுக்கு அணுகுண்டை இழுத்துவருகிறான். வானத்தில் ஒளி கையாகத் திரண்டு அதை வெடிக்கவைக்கிறது. அவ்வளவு தூரம் நடந்தவர்கள் பட்ட பாட்டை ஒரு கை வந்து முடித்துவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் கேட்ட ‘கெட்டுவிடுதல்’ இதுதான்.

இப்போது கடைகளில் கிடைப்பது, 1978இல் வெட்டப்பட்ட சுமார் 400 பக்கங்களைச் சேர்த்து 1990இல் வந்த பெரிய பதிப்பு. அதையே வாங்குங்கள். சென்னையில் இருந்தால் என் பழைய பிரதியை இரவல் தருகிறேன். எனக்கு இன்றும் அதன் முடிவுதான் பிடித்திருக்கிறது.