டிரெய்லர் கூரை: ரப்பரா, தகடா, ஃபைபரா?

கேள்வி: எங்கள் பயண டிரெய்லருக்குப் பத்து வயது. கூரையில் வெள்ளை ரப்பர் மாதிரி ஒரு விரிப்பு ஒட்டியிருக்கிறது. போன மழையில் கட்டிலுக்கு மேலே சீலிங்கில் பழுப்புக் கறை வந்துவிட்டது. பழசைப் பிரித்துப் புதுக் கூரை போடலாம் என்றால் ஒருவர் டி.பி.ஓ. (ஒருவகை பிளாஸ்டிக் விரிப்பு) என்கிறார், ஒருவர் அலுமினியம் என்கிறார், இன்னொருவர் ஃபைபர் கிளாஸ்தான் என்கிறார். எது ஒழுகாது?

பதில்: பிரிக்கிற வேலையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கறை இருக்கிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே புகுந்த தண்ணீர் பலகை, சட்டம் என்று வழி பார்த்து ஓடி எங்கேயோ போய்ச் சொட்டும். எங்கள் வண்டியில் கறை சமையல் மேடைக்கு மேலே இருந்தது. நான் அந்த இடத்தையே இரண்டு நாள் தடவித் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் இரண்டு மீட்டர் தள்ளி, காற்றுப்போக்கியின் (வென்ட்) ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ தலையைச் சுற்றி சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) முடி அளவுக்கு வெடித்திருந்தது. விரலால் அழுத்தினால் வெடிப்பு வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. ஓடும்போது வண்டி குலுங்குகிறதே, அப்போதெல்லாம் அந்த வாய் திறந்திருக்கும்.

அதனால் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: விரிப்பு நடுவில் தானாகக் கிழிவது அபூர்வம், ஒழுகுவது பெரும்பாலும் இணைப்புகளில்தான். எந்த மெட்டீரியல் வாங்கினாலும் இணைப்பு எவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

அந்தக் கணக்கில் அலுமினியம் எனக்குப் பிடிக்காது. தகடு பல வருடம் உழைக்கும், வெயிலில் கெடாது, அதெல்லாம் சரி. ஆனால் ஏழு மீட்டர் தகடு 40 டிகிரி சூடேறினால் சுமார் 6 மி.மீ. நீளும், இரவில் திரும்பச் சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டால் மூட்டில் இருக்கிற சீலன்ட் எத்தனை நாள் தாங்கும்? ஃபைபர் கிளாஸ் ஒரே அச்சில் வார்த்ததாக இருந்தால் மிக நல்லது, கிளை உரசினாலும் சட்டென்று கிழியாது. ஆனால் எடையும் செலவும் கூடும், பழைய வண்டியில் மாற்றிப் போடுவது லேசான வேலை இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது விரிப்பு வகைதான். இப்போது இருப்பது அநேகமாக இ.பி.டி.எம். ரப்பர். கையால் தேய்த்துப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டினால் அதுதான். மழை பெய்ததும் பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு கோடாக இறங்குவதும் அதனால்தான். மிருதுவானது, வளையும், ஒட்டுப்போடுவது சுலபம், ஆனால் பெட்ரோலியம் கலந்த கிளீனர் பட்டால் உப்பிவிடும். டி.பி.ஓ. கொஞ்சம் விறைப்பு, சுண்ணாம்பு உதிராது, வெப்பத்தால் உருக்கியே இணைக்கலாம். இரண்டுமே டிரெய்லர் அகலத்தை ஒரே துண்டாக மூடும் அளவில் கிடைக்கின்றன. நானாக இருந்தால் 1.5 மி.மீ. கனத்தில் டி.பி.ஓ. எடுத்து, நீளவாக்கில் மூட்டே இல்லாமல் முழுப்பரப்பும் பசை போட்டு ஒட்டச் சொல்வேன்.

கேள்வி: வென்ட் ஓரத்தில் வெடிப்பு தெரிகிறது. வீட்டில் சிலிக்கான் ட்யூப் இருக்கிறது, இப்போதைக்கு அதையே தடவிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சிலிக்கான், ரப்பர் விரிப்பில் சரியாகப் பிடிக்காது, அதன் மேல் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கூரை சீலன்ட் என்றே தனியாக விற்கிறார்கள், உங்கள் விரிப்பு வகைக்கு ஒத்துப்போகுமா என்று டப்பாவில் படித்துவிட்டு வாங்குங்கள். சமதளமான இடத்துக்குத் தானாகப் பரவும் வகை, செங்குத்தான ஓரத்துக்கு வழியாத வகை. விளிம்புப் பட்டையையோ வென்ட்டையோ கழற்றி மாட்டினால் அடியில் புது பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்த பிறகுதான் ஸ்க்ரூ. அப்புறம், கூரை ஏசி பக்கம் ஒழுகினால் மேலே சீலன்ட் அப்ப வேண்டாம், அதன் அடியிலிருக்கும் கேஸ்கெட் (இடுக்கில் தண்ணீர் புகாமல் வைக்கும் மெத்தைப் பட்டை) நசுங்கிப்போயிருக்கும். உள்ளேயிருந்து போல்ட்டைச் சீராக இறுக்கிப் பாருங்கள், தீரவில்லையென்றால் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

கேள்வி: பழைய கூரை மேலேயே புது விரிப்பை ஒட்டிவிட்டால் செலவு மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: முதலில் உள்ளங்கையால் கூரை முழுக்க அழுத்திக்கொண்டே வாருங்கள், முக்கியமாக நான்கு மூலைகளும் வென்ட்டைச் சுற்றியும். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அடியில் பிளைவுட் ஊறிப்போயிருக்கிறது. அதன் மேல் எதை ஒட்டினாலும் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அழுகல் மரச்சட்டம் வரை போகும். அமுங்குகிற பலகையை வெட்டி எடுத்து, சட்டம் நன்றாகக் காய்ந்ததும் புதுப் பலகை அடித்து, அதற்குப் பிறகு விரிப்பு போடுங்கள்.