ஃபிளாப்புக்கு அப்புறம் ஏறி ஆடலாமா? வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. மேசையில் முதல் மூன்று சீட்டு விழுந்துவிட்டது; கட்டலாமா, சும்மா இருக்கலாமா? எல்லாமே டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டம் பற்றியவை: கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). பெட் கட்டுவது என்றால் பந்தயம் வைப்பது, ரெய்ஸ் என்றால் அதை மேலே ஏற்றுவது, கால் என்றால் அதே அளவு போட்டுத் தொடர்வது, ஃபோல்ட் என்றால் கையை விட்டுவிடுவது, செக் என்றால் கட்டாமல் சும்மா இருப்பது; நடுவில் சேரும் மொத்தம்தான் பாட். ஒமாஹா என்ற இன்னொரு வகை பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

கையில் ஏஸ்-கிங். ஃபிளாப்புக்கு முன்னால் ரெய்ஸ் செய்தது நான். மூன்று பேர் கால் செய்தார்கள். விழுந்தது 9-8-7, அதில் இரண்டு ஆர்ட்டின். ‘ரெய்ஸ் செய்தவன் விடக்கூடாது’ என்று பாதி பாட் கட்டினேன். ஒருவர் மேலே ஏற்றினார், நான் ஃபோல்ட். அடிக்கடி இதே கதைதான். எங்கே தப்பு?

விடக்கூடாது என்பது ஒற்றை எதிராளிக்காகச் சொன்ன பாடம். நீங்கள் அதை மூன்று பேரிடம் காட்டியிருக்கிறீர்கள்.

ஜோடி இல்லாத இரண்டு சீட்டை வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை. எதிரே ஒருவர்தான் என்றால் பெரும்பாலும் அவரும் உங்களைப் போல வெறுங்கைதான். மூன்று பேர் என்றால், மூவருமே வெறுங்கையாக இருப்பது 30 சதவீதம் பக்கம் வரும். டிராவோடு, அதாவது ஒரே ரகத்தில் ஐந்து (ஃபிளஷ்) அல்லது வரிசையாக ஐந்து (ஸ்ட்ரெய்ட்) சேர இன்னும் ஒரு சீட்டு வேண்டிய கையோடு நிற்பவர்களையும் சேர்த்தால் அதுவும் குறையும். பாதி பாட் பெட்டுக்கு மூன்றில் ஒரு தடவை எல்லோரும் ஃபோல்ட் ஆனால்தான் முதலுக்கு மோசமில்லை. அந்த அளவு கூட இங்கே கிடைக்காது.

இன்னொன்று, அந்த 9-8-7 யாருக்கு விழுந்த ஃபிளாப் என்று பாருங்கள். ரெய்ஸுக்குக் கால் செய்பவர்கள் ஜாக்-10, 10-9, 8-7, இரண்டு 6 என்று இந்த மாதிரிக் கையோடுதான் வருவார்கள். அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதே ஏஸ்-கிங்கோடு, எதிரே ஒரே ஒருவர் இருந்து, மேசையில் குயின்-7-2 மூன்றும் வெவ்வேறு ரகமாக விழுந்திருந்தால் நான் யோசிக்காமல் மூன்றில் ஒரு பங்கு பாட் கட்டுவேன். நான்கில் ஒரு தடவை அவர் விட்டாலே போட்டது வந்துவிடும். குயின் ஜோடி, கிங் ஜோடி எல்லாம் ரெய்ஸ் செய்தவரிடம்தான் அதிகம் இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

பெட் கட்டும் முன் நான் மனசுக்குள் கேட்டுக்கொள்வது இதுதான்: என்னைவிட மட்டமான எந்தக் கை இதற்குக் கால் செய்யும்? என்னைவிட நல்ல எந்தக் கை ஃபோல்ட் ஆகும்? இரண்டில் ஒன்றுக்காவது சீட்டின் பெயரைச் சொல்ல முடிய வேண்டும். 9-8-7இல் உங்களுக்குக் கால் செய்யும் ஃபிளஷ் டிராவே கணக்கில் ஏஸ்-கிங்குக்குச் சளைத்ததல்ல. ஜோடி வைத்திருப்பவரும் விட மாட்டார். அப்புறம் யாருக்காகக் கட்டினீர்கள்?

கையில் இரண்டு ஸ்பேட், ஃபிளாப்பில் இரண்டு ஸ்பேட். கட்டுவதா, காத்திருப்பதா?

மீதம் 9 ஸ்பேட். டர்னில் விழ 19 சதவீதம், ரிவர் முடிவதற்குள் என்றால் 35. காத்திருந்தால் ஜெயிக்க இந்த ஒரு வழிதான். கட்டினால் எதிராளி விட்டுவிடுவது என்று இரண்டாவது வழி திறக்கிறது. இதைத்தான் செமி-பிளஃப் (பாதி ஏமாற்று) என்கிறார்கள்.

பாட் 200, இருவரிடமும் மிச்சம் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் தள்ளிவிடுகிறீர்கள். எதிரே ஒரு ஜோடி மட்டும் இருந்து கால் விழுந்தால், 600இல் உங்கள் பங்கு 35 சதவீதம், அதாவது 210. போட்டது 200. கால் விழுந்தாலும் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை. கெட்ட செய்தியும் உண்டு. எதிரே செட் (கையில் ஒரு ஜோடி, அதே சீட்டு மேசையிலும் ஒன்று) இருந்தால் உங்கள் வாய்ப்பு 25 பக்கம் இறங்கிவிடும்; பங்கு 150, நஷ்டம் 50. ஆனால் பத்தில் மூன்று தடவை அவர் ஃபோல்ட் செய்கிறவராக இருந்தால், அந்த 200 பாட் சும்மா கிடைப்பதில் செட்டிடம் விட்டதும் ஈடாகி, மேலே கொஞ்சம் மிஞ்சும். இந்த வித்தையின் உயிரே அந்த ஃபோல்டுதான். விடவே மாட்டேன் என்பவரிடம் செமி-பிளஃப் ஆடினால் அதில் ‘செமி’யும் இல்லை, பிளஃப்பும் இல்லை.

ஃபிளஷ் டிராவோடு, இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிராவும் சேர்ந்தால் 15 சீட்டு உங்களுக்கு உதவும். வாய்ப்பு 54 சதவீதம். அங்கே தயங்கவே வேண்டாம். ஸ்பேட் 4-3 மாதிரிச் சின்ன ஃபிளஷ் டிராவில் மட்டும், மிச்ச சிப்ஸ் (பந்தய வில்லைகள்) நிறைய இருந்தால், மொத்தத்தையும் கொட்டாதீர்கள். ஸ்பேட் விழுந்த பிறகு பெரிய ஃபிளஷ்ஷிடம் மாட்டுவது போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

கையில் இரண்டு ஏழு, கிங்-7-2 விழுந்தது. கட்டினால் ஓடிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. ஒளித்து ஆடலாமா?

ஒளிக்காதீர்கள். பாட் 100 என்றால், ஃபிளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் பாதி பாட் கட்டிக் கால் வாங்கினால் எதிராளி தருவது 50, 100, 200, மொத்தம் 350. ஃபிளாப்பில் செக் செய்துவிட்டு மற்ற இரண்டில் கட்டினால் 50, 100, மொத்தம் 150. ஒரு செக்கின் விலை 200.

இந்தக் கணக்கை நான் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில், புளியங்கொட்டையை சிப்ஸாக வைத்து ஆடிய நாளில்தான் கற்றேன். இதே மாதிரி ஒரு செட். இரண்டு சுற்று செக் செய்து, முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். ரிவரில் ஒரு சின்னப் பெட். எதிரே கிங்-குயின் வைத்திருந்தவர் அதற்குச் சரி என்று போட்டார், அவ்வளவுதான். தேறியது ஒரு பிடிப் புளியங்கொட்டை. முதலிலேயே கட்டியிருந்தால் அவர் குவியலையே தள்ளியிருப்பார்.

ஒளிக்க வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. அதே கிங்-7-2இல் உங்கள் கையில் கிங் ஜோடி. நான்கு கிங்கில் மூன்று உங்கள் கணக்கில். எதிராளி எதை வைத்துக் கால் செய்வார், பாவம்? அவருக்கு ஏதாவது விழ ஒரு சீட்டு விட்டுக்கொடுங்கள்.

எங்கள் மேசையில் யாருமே ஃபோல்ட் செய்வதில்லை. பிளஃப் எதுவும் பலிக்கவில்லை.

அப்படியானால் பிளஃப்பை விடுங்கள். நல்ல கை வரும்போது வழக்கத்தைவிடப் பெரிதாகக் கட்டுங்கள். இப்படி ஒரு மேசை கிடைக்காதா என்று ஏங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஃபிளாப்பில் கட்டினேன், ஒருவர் கால் செய்தார். கையில் ஒன்றுமில்லை. டர்னில் இன்னொரு தடவை?

என்ன சீட்டு விழுந்தது என்று சொல்லவில்லையே! கையில் குயின்-ஜாக், ஃபிளாப் கிங்-7-2 என்று வைத்துக்கொள்வோம். டர்னில் ஏஸ் வந்தால் கட்டுங்கள். ரெய்ஸ் செய்தவரிடம் ஏஸ் இருக்கும் என்று கையில் ஒரு ஏழு வைத்திருப்பவர் நம்புவார். பத்து வந்தாலும் கட்டுங்கள். ஏஸ் அல்லது ஒன்பது விழுந்தால் ஸ்ட்ரெய்ட், ரிவரில் அதற்கு 17 சதவீதம் இருக்கிறது. இரண்டோ ஏழோ திரும்ப விழுந்தால் செக். ஃபிளாப்பில் கால் செய்தவர் அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஏழு வைத்திருந்தால் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது பெட்டைக் கொஞ்சம் பெரிதாக, மூன்றில் இரண்டு பங்கு பாட் அளவுக்கு வையுங்கள். அதற்குப் பத்தில் நான்கு ஃபோல்ட் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பிக் பிளைண்டில் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பந்தயம் வைக்கும் இடம்) இருந்து கால் செய்தேன். ரெய்ஸ் செய்தவர் செயல்படும் முன் நானே கட்டுவது விவரமில்லாதவர் ஆட்டம் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

ரொம்ப நாள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ‘டாங்க் பெட்’ (‘டாங்கி’, அதாவது கழுதை) என்ற கேலிப் பெயரே அதனால் வந்ததுதான். 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நோம் பிரவுனும் டூமாஸ் சாண்ட்ஹோமும் உருவாக்கிய புளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அது இந்தப் பெட்டை மனிதர்களைவிட அதிகமாகவே வைத்தது. ஆனால் எல்லா ஃபிளாப்பிலும் வேண்டாம். 6-5-4 மாதிரி, பிளைண்டில் இருப்பவருக்கே தோதான மேசையில் வையுங்கள். ஏஸ்-கிங்-8 விழுந்தால் நண்பர்கள் பேச்சைக் கேளுங்கள்.

2025 ஆகஸ்டில் வந்த சட்டத்துக்கு அப்புறம் இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆப் எல்லாம் போய்விட்டது. எப்படிப் பயிற்சி செய்வது?

ஒரு சீட்டுக்கட்டு போதும். இரண்டு சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றை மேசையில் போடுங்கள். நீங்கள் ரெய்ஸ் செய்ததாகவும் ஒருவர் கால் செய்ததாகவும் வைத்துக்கொண்டு, கட்டுவதா செக்கா, யாரிடமிருந்து காசு வரும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அதே ஃபிளாப்பை வைத்துக் கால் செய்தவர் பக்கம் உட்கார்ந்து யோசியுங்கள். ஜோடி விழுந்த தடவைகளை மட்டும் ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். நூறு ஃபிளாப் முடிந்ததும் முப்பத்து சொச்சம் கோடுதான் இருக்கும்.