முதலில் கால், அப்புறம் தலை

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 53. விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை. காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றே வியாபாரம். ஒரு வருஷமாகச் சிகுங் என்ற சீன மூச்சு-உடல் பயிற்சி, சீனத் தாவோ மரபின் தியானம், மூச்சைக் கவனிக்கும் பௌத்த ஆனாபானசதி என்று யூடியூபில் பார்த்ததையெல்லாம் செய்துபார்க்கிறேன். போனில் நாற்பது பிடிஎஃப் கிடக்கிறது. மரம்போல நிற்கும் பயிற்சியை எடுத்த எடுப்பில் இருபது நிமிடம் நின்றேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. மூச்சை முதுகுத்தண்டு வழியாக ஏற்றி முன்பக்கமாக இறக்கும் பயிற்சியை இரண்டு மாதம் செய்தேன். இப்போது புருவ மத்தியில் எந்நேரமும் பாரம், தூக்கமும் சரியில்லை. இது சக்தி ஏறுவதன் அடையாளமா? எதில் தொடங்குவது, எதைப் படிப்பது, நம் பக்கம் கற்றுத்தர இடம் உண்டா? தினமும் செய்யும் பிராணாயாமத்தோடு சேர்க்கலாமா? போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர், இதெல்லாம் நாம் கொடுத்ததுதான் என்கிறான் என் மகன். அது உண்மையா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அந்தப் பாரம் எதற்கும் அடையாளம் இல்லை. ஏற்றி இறக்கும் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள். பக்கத்து கிளினிக்கில் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். 53 வயதில் தலைபாரமும் தூக்கமின்மையும் வந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அழுத்தம் சரியாக இருந்தால், மிச்சக் காரணம் பெரும்பாலும் இதுதான். மூடிய இமைக்குள் விழிகள் மேல்நோக்கித் திரும்பி நிற்கும். நெற்றி சுருங்கும், பல் கடிபடும், மூச்சு மேலே போய் ஒரு கணம் அங்கேயே நிற்கும். இதைத் தினமும் அரைமணி நேரம் செய்தால் கடையில் ரசீது எழுதும்போதும் நெற்றி இறுகியே இருக்கும். நீங்கள் செய்த பயிற்சிக்குச் சீனத்தில் 'சிறு சுற்று' என்று பெயர். நின்று, உட்கார்ந்து, அடிவயிறு தானாகச் சூடாகிப் பழகிய பிறகு ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்லித்தருவது. வீடியோக்காரர்கள் அதை முதல் பாடமாக வைத்துவிடுகிறார்கள், பார்க்கச் சுவாரசியமாக இருக்கும் என்பதால்.

இப்படிக் கெட்டுப்போவதற்குச் சீனத்தில் தனிப் பெயரே உண்டு: 'ஜோஹுவோ ருமோ'. நெருப்பு தடம் மாறிப் பேய் புகுந்தது என்று பொருள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1994-ல் சிகுங்கால் வரும் மனக்குலைவைப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் கடிதத்தில் அந்த அளவுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் யாரோ பேசுவதுபோல் கேட்டாலோ, இரண்டு மூன்று நாள் தூங்காமலே களைப்பு தெரியாமல் இருந்தாலோ, பயிற்சி ஆசிரியரிடம் போகாமல் மனநல மருத்துவரிடம் போங்கள்.

பாரத்தை இறக்க ஒரு பழைய வழி உண்டு. 18-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஜென் துறவி ஹகுயின் இளமையில் மிஞ்சிய தியானத்தால் தலை கொதித்து, கால் பனிக்கட்டியாகக் கிடந்தவர். கியோட்டோ மலையில் ஒரு துறவி சொல்லிக்கொடுத்த மருந்து என்று அவர் எழுதிவைத்தது இது. உச்சந்தலையில் வாத்து முட்டை அளவு மணமான வெண்ணெய் உருண்டை இருப்பதாக நினையுங்கள். அது உருகி நெற்றி, காது, தோள், நெஞ்சு, இடுப்பு, தொடை என்று நனைத்து உள்ளங்காலில் போய்த் தேங்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்புக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி படுக்கையில், கால் பக்கம் கவனம் முடிகிறமாதிரி, ஐந்து நிமிடம் போதும். மறுபடி மேலே ஏற்ற வேண்டாம். ஒருவழிப் பாதை.

இனி நிற்பது. நீங்கள் நின்றது ஜான் ஜுவாங். அதைப் பிரபலமாக்கியவர் சீனத் தற்காப்புக் கலை ஆசிரியர் வாங் ஷியாங்ஜாய் (1885–1963). பாதங்கள் தோள் அகலத்தில், இரண்டு தண்டவாளம்போல இணையாக இருக்க வேண்டும். முழங்காலின் பூட்டு திறந்தால் போதும், மடிக்க வேண்டியதில்லை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். முழங்காலை முன்னே தள்ளித் தாழ்கிறார்கள், பாரம் முழுக்கச் சில்லின் மேல் விழுகிறது. உயரமான ஸ்டூலின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்காருவதுபோல இடுப்பைப் பின்னால் இறக்குங்கள். குனிந்து பார்த்தால் கால் பெருவிரல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முழங்கால் அதிகம் முன்னே வந்துவிட்டது. முழங்கால் இரண்டும் உள்ளே சாய்ந்தால் பாதத்தின் உள்வளைவு அமுங்கியிருக்கிறது, பாரத்தைக் கொஞ்சம் வெளி ஓரத்துக்கு மாற்றுங்கள்.

கைகள் பலூனைக் கட்டிப்பிடித்ததுபோல வைக்கச் சொல்வார்கள். முதல் மாதம் அதுவும் வேண்டாம். உள்ளங்கைகளைத் தொப்புளுக்கு நான்கு விரற்கடை கீழே வைத்துக்கொள்ளுங்கள். சீனர்கள் அந்த இடத்துக்குச் சாதிலிங்க வயல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால், கண் பாதி திறந்து. முதல் வாரம் மூன்று நிமிடம், வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். தொடை நடுங்கினால் சக்தி பாய்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், தசை களைத்திருக்கிறது. கிறுகிறுத்தால் முழங்கால் பூட்டியிருக்கும் அல்லது மூச்சை அடக்கியிருப்பீர்கள். உடனே நடங்கள். முழங்கால் வீங்கினாலோ, படியிறங்கும்போது குத்தினாலோ எலும்பு மருத்துவர் பார்க்கிறவரை நிற்க வேண்டாம். சித்திரை வெயிலில் மொட்டைமாடி என்றால் ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் தளமே சுட ஆரம்பிக்கும்.

நாளெல்லாம் நிற்கும் உங்களுக்கு அசையும் பயிற்சிதான் அதிகம் தேவை. பாதுவான்ஜின், 'எட்டுத் துண்டுப் பட்டு', போதும். சீனச் சோங் அரசர்கள் காலத்திலேயே பேசப்பட்டது. 2003-ல் சீன அரசு ஒழுங்குபடுத்தி வெளியிட்ட நான்கு வரிசைகளில் ஒன்று. முழுவதும் செய்யப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகும். வானத்தைத் தாங்குவது, வில் வளைப்பது, ஒருகை மேலே ஒருகை கீழே, திரும்பிப் பார்ப்பது, தலையையும் இடுப்பையும் சுழற்றுவது, குனிந்து கால் தொடுவது, முறைத்துக் குத்துவது, கடைசியில் குதிகால் ஏழுமுறை. வில்லிலும் சுழற்றுவதிலும் தாழ உட்காரச் சொல்வார்கள், நீங்கள் உயரமாகவே நில்லுங்கள். திரும்பிப் பார்க்கும்போது இடுப்பு திரும்பக்கூடாது, கழுத்தும் உள்ளங்கையும் மட்டும். ரத்த அழுத்தம் இருந்தால் குனியும்போது தலையைத் தொங்கப்போடாதீர்கள். குதிகாலைத் தொப்பென்று போடாமல் பாதி தூரம் மெதுவாக இறக்கி மிச்சத்தை மட்டும் விடுங்கள். ஒரே நாளில் எட்டும் வேண்டாம், வாரம் இரண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் ஆசிரியரின் பாதம் தெரிகிறதா, பக்கவாட்டிலிருந்தும் காட்டுகிறார்களா என்று பாருங்கள். இடுப்புக்கு மேலே மட்டும் காட்டுகிற வீடியோவில் நிற்கக் கற்க முடியாது. சர்க்கரை போகும், கட்டி கரையும் என்று சொன்னால் மூடிவிடலாம். 'ஐயாயிரம் வருஷ சிகுங்' என்றாலும் எச்சரிக்கையாக இருங்கள். பழைய பயிற்சிகளையெல்லாம் சிகுங் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது 1950-களில்தான். பழமைக்குச் சான்று வேண்டுமானால் சீனாவின் மாவாங்துய் கல்லறை இருக்கிறது. கி.மு. 168-ல் மூடி 1973-ல் திறந்த அதில், 44 பேர் உடற்பயிற்சி செய்யும் பட்டு ஓவியம் கிடைத்தது. அதன் பெயர் தாவோயின்.

பிராணாயாமத்தைச் சேர்க்கலாமா என்றால், ஒரே வேளையில் கூடாது. மூன்று மரபும் மூச்சை மூன்று விதமாகப் பார்க்கின்றன. திருமூலர் கணக்கில் பதினாறு இழுத்து, அறுபத்துநாலு அடக்கி, முப்பத்திரண்டு விட வேண்டும். மூச்சு அங்கே நீங்கள் ஓட்டும் வண்டி. தாவோ வழியில் முதல் வருஷம் மூச்சைத் தொடுவதே இல்லை, உடம்பு தளர்ந்தால் அது தானாக அடிவயிற்றுக்கு இறங்கும். ஆனாபானசதியில் மூச்சு நீளமா குட்டையா என்று தெரிந்துகொள்வதோடு சரி, நீட்டவும் கூடாது குறுக்கவும் கூடாது. பிராணாயாமம் முடித்த சூட்டில் ஆனாபானசதிக்கு உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது, அடக்கத்தான் போகும். பிராணாயாமம் காலையில் என்றால் உட்காருவதைச் சாயங்காலத்துக்கோ கடை மூடிய பிறகோ வையுங்கள். தலைபாரம் தீரும்வரை அடக்குவதையே விட்டுவிடலாம்.

உட்காருவதற்கு முழங்காலை வதைக்காதீர்கள், நாற்காலி போதும். வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி என்றால் அதன் இருக்கை பின்னால் சரியும், அதில் முதுகு வளைந்தே தீரும். துண்டை நாலாக மடித்துப் பின்பாதியில் வைத்து, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள், சாயாமல். இடுப்பு முழங்காலைவிட இரண்டு விரல் உயரத்தில் இருந்தால் முதுகு தானாக நிமிரும். மூச்சை எண்ணுவதற்குப் பழைய பௌத்த தியான நூலான விசுத்திமக்கத்தின் கணக்கு: ஐந்துக்குக் குறையவும் வேண்டாம், பத்தைத் தாண்டவும் வேண்டாம். விட்டுப்போனால் ஒன்றிலிருந்து.

ஆறாம் நூற்றாண்டில் தியாந்தாய் மலையில் இருந்த பிக்கு ஜியீ மூச்சை நான்காகப் பிரித்தார். சத்தம் கேட்டால் அது காற்று. சத்தம் இல்லாமல் தடைபட்டால் இரைப்பு. தடை இல்லாமலும் முரடாக இருந்தால் வெறும் ஆவி. மூன்றும் போய் இழைபோல ஓடினால்தான் மூச்சு. முதல் மூன்றில் ஒன்று இருக்கும்போது தியானத்தைத் தள்ளிக்கொண்டு போகாதே, மனத்தைக் கீழே வை, உடம்பைத் தளர்த்து, மயிர்க்கால் எல்லாம் மூச்சு போய்வருவதாக எண்ணு என்கிறார். எழும்போதும் அவசரப்பட்டால் தலைவலியும் மூட்டுப் பிடிப்பும் வரும் என்று அப்போதே எழுதியிருக்கிறார். அலாரம் அடித்ததும் எழுந்து ஓடாமல் தோள், கை, கழுத்து, கால் என்று அசைத்து, உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணில் ஒற்றிவிட்டு எழுங்கள்.

நாற்பது பிடிஎஃப்பில் இரண்டை வைத்துக்கொள்ளலாம்: புத்தர் உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் 118-வது உரையான ஆனாபானசதி சூத்திரம், பிறகு ஜியீயின் சிறிய தியான நூல். முதல் நூலில் பதினாறு படிகள். முதல் நான்கிலேயே ஒரு வருஷம் இருக்கலாம். 'பொன்மலர் ரகசியம்' என்ற சீன நூல் இருந்தால் ஆறப்போடுங்கள். 1929-ல் ரிச்சர்ட் வில்ஹெல்ம் ஜெர்மனில் கொண்டுவந்தது, உளவியலாளர் யுங்கின் உரையோடு. மேற்கில் பெரிய பெயர். ஆனால் இதுபோல உடம்புக்குள்ளேயே ரசவாதம் நடப்பதாகச் சொல்லும் உள்ரசவாத நூல்களில் ஈயமும் பாதரசமும் புலியும் நாகமும் வருவது நம் சித்தர்களின் பரிபாஷை, அதாவது மறைமொழி, மாதிரி. இரசம் என்று படித்துவிட்டு இரசத்தைக் குடித்தவன் கதை ஆகிவிடும்.

உட்காரக் கற்க நம் பக்கம் நல்ல இடங்கள் உண்டு. காந்திகிராமம் பக்கம் கோயங்கா மரபின் விபாசனா மையம்: பத்து நாள், கட்டணம் இல்லை, பேச்சு இல்லை, காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாள் ஆனாபானம்தான். கொடைக்கானல் வழியில் பெருமாள்மலையில் இயேசு சபைப் பாதிரியாரும் ஜென் ஆசிரியருமான ஆமா சாமி 1996-ல் தொடங்கிய போதி ஜெந்தோ என்ற ஜென் தியான மையம் இருக்கிறது. தூக்கம் சரியாகாமல் இரண்டுக்கும் போகாதீர்கள். தலைபாரத்தோடு நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் அது கூடத்தான் செய்யும். விண்ணப்பத்தில் இந்த விஷயத்தை மறைக்காமல் எழுதுங்கள். விபாசனா மையத்தில் அந்தப் பத்து நாளும் சிகுங், பிராணாயாமம் எதையும் கலக்க விடமாட்டார்கள், அது சரியான விதிதான்.

மகனுக்கு: போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, 547-ஐ ஒட்டியது, அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்தது தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி என்ற பெயர் இரண்டிலும் இல்லை. அவர் தலையில் கட்டப்படும் தசைநாண் பயிற்சி நூல் 1624-ஐச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பிந்தியது. தமிழ்நாட்டுப் பௌத்தம் வேண்டுமென்றால் மணிமேகலை இருக்கிறது, பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். உங்களைப்போலக் கடைக்காரர்தான்.